வான் பார்க்கப் போனது

குளம் வான் பாயுதாம் என்று
பால் எடுக்க வந்த பொடியன் சொன்னதை நம்பித்தான்
ஞாயிறு காலை
நானும் சுகிர்தாவும் அம்பகாமக் காட்டுக்குள் இறங்கினோம்.
ரோட்டால் போனால் ஒன்பது கட்டை.
காட்டால் நாலு என்றாள் அவள்.
அவள் சொல்லும் நாலு எப்போதும் ஆறு.

ஒரு குடை. அதிலும் ஒரு கம்பி செத்தது.
இரண்டு பேரின் போனும் ஒரே சொப்பின் பையில்
முடிச்சுப் போட்டு என் சட்டைக்குள்.
ஒரு பக்கற் மாரி பிஸ்கற்.

முதலில் தூறல் எங்களைத் தொடவேயில்லை.
வீரை மரங்கள் அதை மேலேயே வைத்துக்கொண்டன,
நாளைக்குத் தாறன் நாளைக்குத் தாறன் என்று
கடனை இழுப்பவர்களைப் போல.
பிறகு தந்தன,
வட்டியும் முதலுமாக.

மண்வாசம் என்பதெல்லாம் முதல் பத்து நிமிசம்தான்.
அதற்குப் பிறகு காடு மணப்பது
ஊறிய சுள்ளி, உக்கிய பாலையிலை, யானை லத்தி.
'புதுசு' என்றாள், குனிந்து பார்த்து.
'எப்பிடித் தெரியும்?'
'ஆவி பறக்குது பார், தேத்தண்ணி மாதிரி.'
கொஞ்ச நேரம்
இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

சுகிர்தா எனக்குப் பின்னால்தான் வருவாள்,
என் பாதம் எழும்பிய இடத்திலேயே
தன் பாதத்தை வைத்து.
ஒன்பது வயதில் பழகிய நடை,
கட்டைகளுக்குச் சிவப்புப் பூசியிருந்த காலத்தில்.
கட்டைகளைப் பிடுங்கிப் போய் எத்தனையோ வருசம்.
சந்தைக்குப் போனாலும் அப்படித்தான் வருவாள்.
நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை.
கொஞ்சம் சின்ன அடியாக வைப்பேன்,
அவளுக்கு எட்டட்டும் என்று.

இன்றைக்கு
நான் காலை எடுக்கும் முன்னமே அந்த இடம் தண்ணீர்.
திரும்பிப் பார்த்தால்
ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்கிறாள்,
வைக்க இடமில்லாமல்.
காடு முழுக்க இடம்.

'சனியன்' என்றாள்.
மழையையா, என்னையா, தெரியாது.
பாட்டாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
என்னைத் தாண்டிப் போனாள்,
இரண்டு பனிச்சைகளுக்கு நடுவால்,
பாதையே இல்லாத பக்கமாய்.

ஆறென்று சொல்ல முடியாத ஒன்று குறுக்கே வந்தது.
ஆவணியில் அதற்குள் சைக்கிள் ஓடலாம்.
இன்றைக்கு அது ஒரு முழுப் பட்டமரத்தை
உருட்டிக்கொண்டு போனது.
குளம் அந்தப் பக்கம்.
வானின் சத்தம் எது, வானத்தின் சத்தம் எது என்று
பிரிக்க முடியவில்லை.

செத்த கம்பிக்குக் கீழே ஒட்டி நின்றோம்.
மாரி பிஸ்கற்றை மாரி குடித்துவிட்டிருந்தது.
களியாய் அள்ளித் தின்றோம்.

அப்போதுதான் அவள் ஒன்றைச் சொன்னாள்.
நீளமாக,
முகத்தை ஆற்றுப் பக்கமாய் வைத்துக்கொண்டு.
உதடு அசைவது தெரிந்தது.
ஒரு சொல் கொழும்பாக இருக்கலாம்.
குழம்பாகவும் இருக்கலாம்.
முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்,
பதில் வேண்டி.
நான் தலையாட்டினேன்.

தலைச்சுமையை இறக்கியவள் போல
ஒரு மூச்சு விட்டாள். அதுவும் எனக்குக் கேட்கவில்லை,
தோள் இறங்கியதைத்தான் கண்டேன்.

திரும்பும்போதும் அவள்தான் முன்னால்.
கெதியாய் நடந்தாள்.
அடியைச் சின்னதாக்க வேண்டும் என்று
அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.
என் கணுக்காலில் இரண்டு அட்டை,
நின்று பிடுங்க நேரமில்லை.

தார் ரோட்டில் ஏறியதும் மழை விட்டது.
எல்லாம் கேட்டது:
தூரத்தில் ஒரு லாண்ட்மாஸ்ரர்,
சொட்டும் அவளுடைய பின்னல்,
என் சட்டைக்குள் சொப்பின் பை.
இப்போது கேட்டிருக்கலாம், என்னடி சொன்னனி என்று.

'வான் பாக்கேல்லையே' என்றேன்.

பாட்டாவைத் தரையில் போட்டு
ஒவ்வொரு காலாய் நுழைத்தாள்.
'குளம் எங்க போகப்போகுது' என்றாள்.